வலப்பக்கம் திரும்பாத வண்டி

அம்மாவுக்கு எதையும் கடினமான முனையிலிருந்து தொடங்கினால்தான் திருப்தி. பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் அடிப்பிடித்த குண்டானைத்தான் முதலில் எடுப்பாள். என் வீட்டுப்பாடத்திலும் வகுத்தல் கணக்கைத்தான் முதலில் போடவேண்டும். அதை அழுது முடிப்பதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது ஸ்ரீசிட்டியில் ஒரு செல்போன் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் விடியற்காலையில் நகரி ஹைவேக்கு வரும். எங்கள் ஊரிலிருந்து அந்நேரத்துக்கு ஆட்டோ கிடையாது. அதனால் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) தறிக்குக் கிளம்பியதுமே, சித்தியின் ஸ்கூட்டரை வாங்கிப் பள்ளிக்கூட மைதானத்தில் பத்து நாள் பழகினாள். வேலை, வண்டி இரண்டுமே நைனாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்; வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குச் சேரவேண்டும். சனிக்கிழமை வரைக்கும் வலப்பக்கம் திருப்ப வரவில்லை. இடப்பக்கம் அழகாகத் திருப்புவாள். வலப்பக்கம் என்றால் வண்டியும் சாயும், அம்மாவும் சாய்வாள்.

"அக்கா, மொதல்ல ரைட்டு திருப்பக் கத்துக்கோ. மாமாகிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள் சித்தி.

"பயந்துக்கினே இருந்தா ஒண்ணும் ஆவாது. கஷ்டமானத மொதல்ல முடிச்சிட்டா மீதி தானா வந்துரும்" என்று அம்மா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள். நான் கூட இருந்தால் நைனா கத்தமாட்டார் என்பது அவள் எண்ணம். நானோ ஐஸ் வாங்கித் தரப்போகிறாள் என்று குஷியாக இருந்தேன்.

வலப்பக்கம் திரும்பாமல் தறித்தெருவுக்குப் போக ஹைவே வழியாகச் சுற்றித்தான் ஆகவேண்டும். லாரிகள் உரசிக்கொண்டு போயின. அவற்றின் காற்று எங்களை ஓரத்துக்குத் தள்ளியது. நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்று முணுமுணுத்தேன். அம்மா அசையவே இல்லை. ஹைவேயை விட்டு இறங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது. அவள் சொன்ன கஷ்டமானது இதுதான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தறிக்கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தினாள். யாரோ எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக எல்லாமே நின்றுபோயின. வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாயா என்று ஒருவர் தெலுங்கில் கேலி செய்தார்.

நைனா சட்டையில் பஞ்சோடு வெளியே வந்தார். தரையில் ஊன்றியிருந்த அம்மாவின் கால் வெடவெடவென்று நடுங்கியது. லாரிக்கு நடுங்காத கால் நைனாவுக்கு ஏன் நடுங்குகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

"திங்கக்கெழமையில இருந்து ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போறேன். வண்டிய ஓட்டிக்கினு போயி ஹைவேல பஸ் புடிப்பேன்." அத்தனை பேர் எதிரிலும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

நைனா என்னைப் பார்த்தார். நான் எதையும் உளறவில்லை என்று பயத்தில் தலையை ஆட்டினேன். அதற்குள் வந்த வழியே திரும்பிப் போக அம்மா ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தாள். நைனா சட்டென்று அதைப் பிடித்தார். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"உனுக்குத்தான் ரைட்டு வராதே. நேராப் போயி லெஃப்டுலயே வூட்டுக்குப் போ."

எங்களுக்குப் பின்னால் தறிகள் ஒவ்வொன்றாக மறுபடியும் ஓடத் தொடங்கின. அம்மா வழியெல்லாம் அழுதாள். திட்டு வாங்கியதற்கு அழுகிறாள் என்று நானும் துணைக்கு அழுதேன். அவளுக்கு வலப்பக்கம் வராது என்று நைனாவிடம் யார் சொன்னது என்று நான் யோசிக்கவில்லை. அவர் தறிக்குப் போகும் பாதை மைதானத்துச் சுவரை ஒட்டித்தான் போகிறது என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை.