நரிவால் கட்டிய சன்னல்

எங்கள் மலைப்பக்கத்தில் வழி வெட்டிய செம்மண் சரிவுகளில் ஒரு செடி படரும். பூவும் கிடையாது, காயும் கிடையாது. கயிறு போல மண்ணோடு ஓடி, இடையிடையே முழ உயரத்துக்குச் சின்ன மரமாக எழும்பி நிற்கும். கிளைகள் கீழே வளைந்து தொங்கும். தொட்டால் மிருகத்தின் வாலைத் தடவியதுபோல் இருக்கும். அதனால் நரிவால் என்போம். அதன் வெளுத்த நுனியைத் தட்டினால் மஞ்சள் பொடி உதிரும். பிள்ளைகளுக்குத் தொடையிடுக்கு வெந்து போனால் அம்மா அதைத்தான் தூவுவாள். அந்தப் பேரில் யாரும் குற்றம் கண்டதாக நான் கேட்டதில்லை, அந்தக் கிறிஸ்மஸ் வரைக்கும்.

எங்கள் கோயிலில் பண்டிகைக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சன்னல் விடுவார்கள். அதை அவர்கள்தான் சோடிக்க வேண்டும். சபையில் சேர்ந்து ஆறு வருஷமாகியும் எங்களுக்குச் சன்னல் இல்லை. அப்பாவுக்குத் திற்பரப்புக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. கோயிலில் தோட்டத்து ஆட்களுக்கு உட்காரக் கடைசிப் பாய்தான். எனக்கு எட்டு வயதானபோது ஒரு குடும்பம் கொல்லத்துக்குக் குடிபோனது. அவர்களுடைய வடக்குச் சன்னல் எங்களுக்கு வந்தது. அம்மாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மாவிலை மறுநாளே சுருண்டுவிடும், நரிவால் ஒரு வாரம் பச்சை மாறாது என்று அம்மா அதையே பறித்தாள். இரண்டு நாள் சரிவில் தவழ்ந்து பறித்து, தும்புக் கயிற்றில் நெருக்கமாகச் சுற்றி, பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் நாங்கள் இருவரும் கட்டினோம். சன்னல் முழுக்கப் பச்சை.

சோடனைக்குப் பொறுப்பு, சபையை நடத்தும் உபதேசியாரின் மனைவி. வந்து பார்த்தாள்.

“இது என்னதுட்டி?”

“நரிவாலு அம்மா.”

“நரிவாலா? பிள்ளைகளக் கொன்ன ஏரோதை ஆண்டவரே நரின்னு சொல்லியிருக்காரு. அவன் வாலையா பொறந்த நாளுக்குக் கெட்டுய?”

“ராத்திரி ஊளையும் போடும், கேட்டுக்கிடுங்க” என்றாள் பக்கத்துச் சன்னல்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

“பேருதானம்மா நரி. செடி கடிக்கவா செய்யும்?” என்றாள் அம்மா.

“எதுத்துப் பேசாத. அவுத்துப் போடுட்டி.”

அம்மாவின் கை எழவில்லை. உபதேசியாரின் மனைவியே இழுத்து அறுத்துக் கிணற்றடியில் எறிந்தாள்.

நாலாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் பிற்பாடு வேதத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பிள்ளைகளைக் கொன்றவன் தகப்பன் ஏரோது. ஆண்டவர் நரி என்றது மகன் ஏரோதை. உபதேசியார் வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாதா? தெரியாது என்றால், தெரியாத ஒன்றைச் சொல்லி எங்கள் சன்னலை அவிழ்ப்பானேன்?

அன்று மத்தியானம் பாட்டுப் பழக்க மிசியம்மா வந்தாள். வெள்ளைக்காரி; தமிழ் நன்றாகப் பேசுவாள். கிணற்றடியில் கிடந்ததைக் கண்டு ஓடிப்போய்க் கையில் எடுத்தாள். “எங்கள் தேசத்திலும் இந்த மாதிரி உண்டு. கிரவுண்ட் பைன் என்போம். கிறிஸ்மஸுக்கு வீட்டு வாசலில் கட்டுவோம்” என்றாள். அவள் கண்ணில் நீர் நின்றது.

“ஆமா மிசியம்மா, பீடத்துக்குக் கெட்டத்தான் எடுத்துவச்சோம்” என்றாள் உபதேசியாரின் மனைவி. கூசாமல் சொன்னாள்! சிரித்த அத்தனை பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். ஒருத்தி வாய் திறக்கவில்லை. நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன்.

“சொல்லும்மா, நம்ம கெட்டுனதுன்னு.”

“சும்ம இரிட்டி.”

அம்மா சுற்றிய கயிறு பிரசங்க பீடத்தில் ஏறியது. வடக்குச் சன்னல் மொட்டையாக நின்றது. பாட்டு முடியும்வரை அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த வருஷம் பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில் உபதேசியாரின் மனைவி எங்கள் முற்றத்துக்கே வந்தாள். அம்மா மரச்சீனிக் கிழங்கின் தோலைத் தொலித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, அந்தக் கிரவுண்டு பைனு நாலு கெட்டு வேணும்.”

“அப்பிடி ஒரு செடி இங்க இல்லியே அம்மா.”

“சரிவு பூரா நிக்குதே, கண்ணு தெரியலியா?”

“அது நரிவாலுல்லா? நரிவாலுன்னு கேளுங்க, நாப்பது கெட்டு தாறேன்.”

“தோட்டத்துல கெடக்கியவளுக்கு இம்புட்டுத் திமிரா?” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் ஆள்விட்டு எங்கள் சரிவிலேயே வேரோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வடக்குச் சன்னல் உபதேசியாரின் மனைவியுடைய தங்கைக்குப் போயிற்று. அம்மா சாகும்வரை எங்களுக்கு வேறு சன்னல் விடவில்லை.