பழைய புஷ்

நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சாட்சி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. தேய்ந்துபோன ஒரு புஷ்.

நான் ஒரு சுரங்கத்தின் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். பாறையைத் துளைக்கும் ரிக்கின் இரும்புக் கை, தடித்த ஆணி போன்ற ஒரு பின்னில் மாட்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள உலோக வளையம்தான் புஷ். அது தேய்ந்தால் கை ஆடும். ஆட்டம் முற்றினால் பின் முறியும். கிடங்கில் ஒரே சட்டம். பழசை மேசையில் வைத்தால்தான் புதுசு.

அன்று பிற்பகல் மூன்று பத்துக்கு மச்சினன் வந்தான். என் மனைவியின் தம்பி. மூன்றாம் ரிக்கின் ஃபிட்டர். அவள் இறந்து எட்டு மாதம். அவள் வழியில் எனக்கு மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

“மாமா, ஒரு புஷ் குடுங்க. கை ஆட்டம் காணுது.”

“பழசு எங்க?”

“ரிக்குலதான் இருக்கு. புதுசு கைக்கு வந்தாத்தான் ரிக்க நிறுத்துவாராம் ஃபோர்மேன்.”

“கழட்டிட்டு வா. மச்சினனுக்கு ஒரு சட்டம், மத்தவனுக்கு ஒரு சட்டமா?”

“அக்காவையே கேள்வி கேக்காம குடுத்தோம். ஒரு புஷ்ஷுக்கு இந்தப் பாடு படுத்துறீங்க.”

சிரித்துக்கொண்டே போனான்.

மூன்று நாற்பது. தூரத்தில் ரிக்கின் தடதடப்பு நின்றது. கழற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். மழை பிடித்தது.

நான்கு இருபது.

டங்...

நிமிர்ந்தேன். மேசையில் பழைய புஷ். எதிரே அவன். வெளியே மழை கொட்டுகிறது. அவன் சட்டை நனையவில்லை. கையில் கிரீஸ் இல்லை. நகக்கண்கூடச் சுத்தமாக இருந்தது.

காலிப்பரை வைத்து அளந்து பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் தேய்மானம். மூன்றிலேயே மாற்றியிருக்க வேண்டும்.

“ரெண்டு ஆள் வேலையாச்சே. எப்படிடா கழட்டின?”

“அக்கா ஒரு கை பிடிச்சுச்சு.”

நான் வாசலைப் பார்த்தேன்.

“வெளிய நிக்குது மாமா. சீக்கிரம்...”

புதுசை எடுத்தேன். வழக்கம்போல் வெள்ளைப் பெயிண்டில் எண் போட்டேன். நாற்பத்தேழு. நீட்டினேன். விரல் பட்டது. பனிக்கட்டி.

வாசலுக்கு ஓடினேன்.

யாருமில்லை.

சேற்றில் கால்தடமும் இல்லை...

ஐந்து மணிக்கு ஃபோர்மேன் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

“மூணு நாப்பதுக்கு ரிக்கோட பின் முறிஞ்சு கை விழுந்துடுச்சு. அடியில உங்க மச்சினன். இப்பதான் வெளிய எடுத்தோம்.”

மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் விழுந்த கையைப் பிரித்தார்கள். உள்ளே புதுப் புஷ். ஒரு கீறல் இல்லை. வெள்ளைப் பெயிண்டில் நாற்பத்தேழு.

தேய்மானம் காரணமில்லை, கிடங்கின்மேல் தவறில்லை என்று எழுதிவிட்டு, என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பழசு அப்போது என் பையில்தான் இருந்தது.

அதை அவர்கள் மேசையில் வைக்க எனக்குக் கை வரவில்லை.