வீட்டைத் தூக்கிய மாதம்

ரோட்டர்டாமில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் படகுகள் தலைக்கு மேலே போகும். ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆறு உயரத்தில் இருக்கிறது, தெரு பள்ளத்தில். சமையலறை ஜன்னலோரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போது, புல் முளைத்த கரைக்கு மேலே ஒரு படகின் கூரை மெல்ல நகர்ந்து போகும். கடல்மட்டத்துக்குக் கீழே வாழ்கிறோம் என்பதை இங்கே யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. எங்கோ ஒரு பம்பு ஓடிக்கொண்டிருக்கிறது, வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன ஓடைகள் இருக்கின்றன, தண்ணீர் அதன் வழியே போய்விடுகிறது. வந்த புதிதில் மழைச் சத்தம் கேட்டாலே எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வருவேன். என் கணவர் முரளி சிரிப்பார். அவர் கோயம்புத்தூர்க்காரர், வீட்டுக்குள் தண்ணீர் வந்து பார்த்ததில்லை.

எனக்கு வேலை ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு நடப்பேன். இந்த ஊருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பெரிய பாலத்தையும் சாய்ந்து நிற்கும் மஞ்சள் வீடுகளையும் எடுக்கிறார்கள். நான் கட்டடம் தரையைத் தொடும் இடங்களை எடுப்பேன். வாசற்படி, நடைபாதை சரிந்து சாலையோடு சேரும் விளிம்பு, டிராம் வண்டியின் தளமும் நிறுத்தத்தின் தளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் கோடு. சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் யாரையும் கூப்பிடாமல் அந்தக் கோட்டைத் தாண்டி வண்டிக்குள் போவதைப் பார்த்தால், அவரை நேரில் அறியாத யாரோ ஒருவர் அவருக்காக உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்று தோன்றும்.

ஒருமுறை ஒரு வீட்டு வாசற்படியைக் குனிந்து படமெடுத்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வயதான ஒரு டச்சுப் பெண்மணி என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வாசற்படிக்கு டச்சு வகுப்பில் கற்றுக்கொடுத்த சொல்லைச் சொன்னேன்: "த்ரெம்பல்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, என் கையைப் பிடித்துத் தெருமுனைக்கு அழைத்துப் போய், சாலையில் இருந்த வேகத்தடையைக் காட்டினார். வேகத்தடைக்கும் அதே சொல்தானாம். லாரி ஏறி இறங்கும்போதெல்லாம் அலமாரியில் பீங்கான் தட்டுகள் அதிர்கின்றன, ஒருவழியாக நகராட்சியிலிருந்து ஆள் வந்ததே என்று அவருக்கு அப்படியொரு சந்தோஷம். திருத்திச் சொல்ல எனக்கு டச்சு போதவில்லை, மனமும் வரவில்லை. வேகத்தடையையும் படம் எடுத்துக்கொண்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டின் கதை இதற்குத் தலைகீழ். அப்பா அதைக் கட்டியபோது தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் உள்ளே போகவேண்டும். பிறகு தார் போட்டார்கள், தாருக்கு மேல் ஜல்லி, ஜல்லிக்கு மேல் சிமென்ட். வீடு அப்படியே இருக்க, தெரு வளர்ந்தது. ஒவ்வொரு விடுமுறையிலும் வாசலை ஒரு படம் எடுப்பேன். ஏறிப் போன வீட்டுக்குள் சமமாக நடந்து போனோம், அப்புறம் இறங்கிப் போனோம். வசதி வந்தவர்கள் பழைய வீட்டை இடித்து உயரமாகக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் பள்ளத்தில் மிஞ்சியவை எங்கள் வீடும் பக்கத்து ராணி அக்கா வீடும்தான். ராணி அக்கா பள்ளியில் சத்துணவு சமைப்பவர், தனியாக இருக்கிறார். போன ஐப்பசி மழையில் கூடத்துக்குள் தண்ணீர் வந்து அம்மா வழுக்கி விழுந்தபோது, பின்சுவரைத் தாண்டிக் குதித்து வந்து தூக்கியவர் அவர்தான். இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து, அம்மா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

இடித்துக் கட்டலாம் என்றார் அண்ணன். அவர் பள்ளி ஆசிரியர், எதையும் ஒரே மூச்சில் முடிக்க நினைப்பவர். அப்பா கட்டியதை இடிக்கக் கூடாது என்றார் அம்மா. அப்போதுதான் அண்ணி, செங்கல்பட்டில் ஒரு வீட்டை ஜாக்கி வைத்து அப்படியே தூக்கினார்களாம் என்ற செய்தியைக் கொண்டுவந்தார். எல்லோரும் சம்மதித்தார்கள். அரியானாவிலிருந்து வந்த ஆட்கள் வேலையை எடுத்துக்கொண்டார்கள். நான் நீண்ட விடுப்பு போட்டு ஆனி மாதம் ஊருக்குப் போனேன். கேமராவையும் எடுத்துப்போனேன்.

சாமான்களை வெளியே எடுத்துவைத்த அன்றைக்கு அம்மா கட்டிலை விட்டு எழவில்லை. தூக்கி முடிக்கும்வரை ராணி அக்கா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு.

"கெளம்பும்மா, ஆளுங்க வந்துட்டாங்க" என்றார் அண்ணன்.

"தூக்கு நைனா, வாணான்னு சொல்லல. நம்ம வூடு ஏறிட்டா மழைத்தண்ணி எங்க போவும்? ராணி வூட்டுக்குத்தானே போவும்?"

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? ஊரே ஏத்திக்கினு கீது. நாம மட்டும் பள்ளத்துல குந்திக்கினு இருக்கணுமா?"

"குந்த சொல்லல. தண்ணிக்கு ஒரு வழி உட்டுட்டு ஏறு."

வழி விடுவதென்றால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எங்கள் பக்கத்து இடத்தில்தான் விடவேண்டும். தெருவிலிருந்து பின்னால் ஓடும் வாய்க்கால்வரை ஒரு கால்வாய். அந்த இடத்தில் அண்ணன் வண்டிக்குக் கொட்டகை போட நினைத்திருந்தார். நான் மடிக்கணினியைத் திறந்து, ரோட்டர்டாமில் வீடுகளுக்கு நடுவே ஓடும் ஓடைகளின் படங்களைக் காட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக யாருக்கும் படம் காட்டியதில்லை. அண்ணன் இரண்டு மூன்று படம் பார்த்தார்.

"அது வெளிநாடு வாணி. அவங்களுக்கு எடம் கீது."

அவர்களுக்கும் இடமில்லை, கடலிடம் இருந்து பிடுங்கியதுதான் என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

ராணி அக்கா எங்கள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏத்துங்க தம்பி. பெரியம்மா மறுபடி வுழுந்துடப் போறாங்க. என் வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றார். சொல்லிவிட்டு அம்மாவின் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போனார்.

அம்மா அண்ணனைப் பார்த்தார். "அவ வூட்ல போயி படுத்துக்கினு, அவ வூட்டுக்கே தண்ணிய உடுவியா?"

அண்ணன் வெளியே போய்விட்டார். அன்று வேலை நடக்கவில்லை. மறுநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டு வந்தபோது, பக்கத்துச் சந்தில் அவர் தனியாக நின்று சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கொட்டகைக்கு நட்டிருந்த கம்பிகளைப் பிடுங்கிச் சுவரோரம் சாய்த்திருந்தார். அம்மா வாக்கரை எடுத்துக்கொண்டு ராணி அக்கா வீட்டுக்கு நடந்தார்.

சுவரடியில் தோண்டி, அஸ்திவாரத்துக்கு மேலே அறுத்து, வரிசையாக ஜாக்கிகளை வைத்தார்கள். மேஸ்திரி தரம்பால் விசில் ஊத, எல்லோரும் ஒரே நேரத்தில் கம்பியைத் திருகினார்கள். ஒரு விசிலுக்கு வீடு நூலளவு ஏறும். கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரிந்தது. உலர்ந்த மரக்கிளையை மிதித்ததுபோல ஒரு சத்தம். அப்பா கடைசி நாட்களில் படுத்திருந்த அறையில் ஜன்னலுக்கு மேலே ஒரு கீறல் ஓடியது. தரம்பால் கையை உயர்த்தினார், எல்லோரும் நின்றார்கள். அண்ணன் உள்ளே போய், காய்ச்சல் பார்ப்பதுபோல் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். கீறல் அதற்குமேல் போகவில்லை. மறுபடி விசில்.

மூன்றாம் நாள் நான் தரையில் படுத்து ஒரு படம் எடுத்தேன். சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் நடுவே வெளிச்சம். அந்த இடைவெளி வழியாக எங்கள் வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தெரு தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கால்கள், ஒரு சைக்கிள் சக்கரம், ராணி அக்கா வாசலில் அம்மாவின் வாக்கர். இத்தனை வருடம் எத்தனையோ கட்டடங்கள் தரையைத் தொடுவதை எடுத்திருக்கிறேன். தரையை விட்டுவிட்ட ஒரு வீட்டை அன்றுதான் எடுத்தேன், அது எங்கள் வீடு.

தரம்பால் அருகில் வந்து தயங்கி நின்றார். "அக்கா, ஒரு போட்டோ. என் அம்மா நம்பறது இல்ல. வீடு தூக்கறது சொன்னா, பொய் சொல்றான் சொல்றது." தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, ஜாக்கி வரிசைக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். சிரிக்கச் சொன்னேன். சிரித்தால் அம்மா விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார், வேண்டாம் என்றார். படத்தை அவர் போனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, இந்தியில் ஏதோ திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தபடி தெருவில் நடந்துகொண்டிருந்தார். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். அம்மாவிடம் பேசும்போது எனக்கும் அதே குரல்தான் வரும்.

சுவர்களுக்கு அடியில் செங்கல் கட்டி, உள்ளே மண் கொட்டித் தளம் போட்டு, கால்வாயும் முடிந்த வாரத்தில் ஒரு மாலை நல்ல மழை பிடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் சந்தில் நின்றோம். தெருவில் வந்த தண்ணீர் ராணி அக்கா வாசலை நோக்கித்தான் திரும்பியது. பிறகு கால்வாயின் வாயைக் கண்டு, செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு பின்பக்கம் ஓடியது. ராணி அக்கா தன் வாசலில் குனிந்து படியைத் தடவிப் பார்த்தார். "நனையல பெரியம்மா" என்றார். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் கண்ணைத் துடைத்ததை அண்ணி பார்த்தார், நானும் பார்த்தேன்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை. முன்பு அம்மாவும் ராணி அக்காவும் சந்துப் பக்கம் திறக்கும் பின்கதவுகளில் நின்றபடி கைக்குக் கை எதையும் கொடுத்துக்கொள்வார்கள். இப்போது எங்கள் கதவு மேலே, அவர் கதவு கீழே, நடுவில் கால்வாய். படி இன்னும் கட்டவில்லை. அம்மா மேலிருந்து காபி டம்ளரை நீட்டினார், ராணி அக்காவுக்கு எட்டவில்லை. நான் கால்வாயில் இறங்கி நின்று வாங்கிக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. திரையில் முரளியின் பெயர்.

"ஆரு?" என்றார் அம்மா.

"வீட்லேர்ந்துமா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, புதுச் சுண்ணாம்பு அடித்த சுவரை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"எடுத்துப் பேசு. வூட்ல தேடுவாங்க."

கீழே ராணி அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு கையில் சூடான டம்ளர், இன்னொரு கையில் அடித்துக்கொண்டிருக்கும் போன். முந்தின மழையின் ஈரம் பாதத்தில் சில்லென்று ஏற, இரண்டு வீட்டுக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.