அது கிரிக்கெட் இல்லையாம்

யார்க்‌ஷரில் எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு செயல் பண்பற்றது என்று சொல்ல, "அது கிரிக்கெட் இல்ல" என்பார்கள். பஸ் வரிசையில் முந்தினாலும் அதுதான், பக்கத்து வீட்டு வேலியை நகர்த்தினாலும் அதுதான். வெரா அக்ராய்ட் அதை ஆயுள் முழுக்கக் கேட்டவள். பிஸ்கட் ஆலையில் ஆண்களுக்குக் கிடைத்த ஷிப்ட் படியைத் தனக்கும் கேட்டபோது மேற்பார்வையாளர் சொன்னது அதையேதான். படி வரவில்லை.

சனிக்கிழமைதோறும் கிளப் ஆட்டத்தின் இடைவேளையில் சாண்ட்விச்சும் தேநீரும் தருவது வெராதான். கூலி கிடையாது.

போன சனிக்கிழமை அவள் மகள் லிண்ட்சிக்கு ஆண்கள் அணியில் முதல் ஆட்டம். லிண்ட்சி பந்து வீசும் முனையில் நின்ற எதிரணிக்காரன் ஒருவன், பந்து அவள் கையை விட்டுப் போகும் முன்பே கோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். லிண்ட்சி ஒருமுறை எச்சரித்தாள். மறுமுறை பந்தை வீசாமல் ஸ்டம்பைத் தட்டிவிட்டு அவுட் கேட்டாள். அம்பயர் விரலை உயர்த்தினார். விதிப்படி அவுட்.

எங்கள் கேப்டன் ஜைல்ஸ் ஓடிவந்தார். "அப்பீல வாபஸ் வாங்குறோம். லிண்ட்சி, இது கிரிக்கெட் இல்லம்மா. அடுத்த வாரம் நீ வர வேணாம்."

வெரா நின்ற கிளப் சமையலறையின் ஜன்னல் திறந்தே இருந்தது.

இடைவேளையில் இரு அணியும் வந்து நின்றபோது, பரிமாறும் சாளரம் மூடியிருந்தது. ஜைல்ஸ் தட்டினார்.

"வெரா, டீ?"

வெரா பாதி திறந்தாள். "திருட்டுத்தனமா ஓடினவன் கனவான். பிடிச்ச எம் பொண்ணு கேடியா?"

"விதி வேற, பண்பு வேற, வெரா."

"அந்தப் பண்பு எப்பவும் உங்க பக்கமே நிக்குதே, எப்படிங்க?"

தட்டோடு நின்ற அந்த எதிரணிக்காரன் முனகினான். "நான் வெளியதான் இருந்தேன், ஜைல்ஸ்."

"நீ சும்மா இருப்பா."

"அடுத்த வாரமும் அவ ஆடுவான்னு சொல்லுங்க. திறக்கிறேன்."

"பசியில நிக்கிறவங்கள இப்படி மிரட்டுறது கிரிக்கெட்டே இல்ல."

"இல்லதான். இது எங்காசுல வாங்குன ரொட்டி."

சாளரம் அறைந்து மூடியது. பின்கதவு வழியாக வந்த வெரா, அம்பயர் கையில் மட்டும் ஒரு கோப்பை தேநீரைக் கொடுத்தாள். சாண்ட்விச் தட்டுகள் அத்தனையையும் காரில் ஏற்றினாள்.

"ஏறுடி."

வெள்ளை உடுப்போடு லிண்ட்சி ஏறினாள். வெரா வண்டியைக் கிளப்பினாள், பின்னால் ஜைல்ஸ் கையசைத்துக் கூப்பிடுவது கண்ணாடியில் தெரிந்தும்.