இருபதாம் சேனல்

அவரை எல்லோரும் 'அரை டெசிபல்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு பாட்டில் வயலினை அரை டெசிபல் குறைப்பதா வேண்டாமா என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டதால் வந்த பெயர். அரை டெசிபல் என்பது சாதாரண ஆளின் காதுக்குப் பிடிபடவே பிடிபடாத அளவு. "எறும்பு இருமினாக்கூட அண்ணன் திரும்பிப் பாப்பாரு" என்று வாத்தியக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு அந்தக் கிண்டல் உள்ளூரப் பிடித்திருந்தது.

டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் அவருடைய அறை. ஒரு பாட்டுக்குத் தனித்தனியாகப் பதிவு செய்த முப்பது நாற்பது ஒலிகள் அங்கே வந்து சேரும். குரல், தாளம், தந்தி, குழல் என்று ஒவ்வொன்றும் ஒரு சேனல். யார் முன்னால் நிற்பது, யார் பின்னால் நிற்பது, யார் யாருடைய காலை மிதிக்கிறார்கள் என்று பார்த்து, எல்லோரையும் ஒரே வீட்டில் குடிவைப்பதுதான் மிக்ஸிங். கல்யாண வீட்டில் பந்தி உட்கார வைப்பது போன்ற வேலை. யாருக்காவது மனக்குறை இருக்கத்தான் செய்யும்.

பள்ளிப் படிப்பை முடிக்காமல் ஒலிபெருக்கிக் கடையில் பெட்டி தூக்கியவர் அவர். பிறகு ஒரு பெரிய ஸ்டுடியோவில் ஒயர் சுருட்டும் வேலை. அங்கே கட்டில் அகலத்துக்கு ஒரு கன்சோல், ஒலிகளைக் கலக்குகிற மேசை, இருந்தது. நாற்பத்தெட்டுச் சேனல், ஆயிரத்துக்கும் மேலே குமிழ்கள். மூன்று வருடம் பிரஷ்ஷால் தூசி தட்ட மட்டுமே அவருக்கு அனுமதி. நான்காவது வருடம் மிக்ஸ் பண்ணுகிறவருக்கு அம்மை போட்டபோது அந்த நாற்காலி இவருக்கு வந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை.

இப்போது அவருடைய மேசையில் இருந்தது முழங்கை நீளத்தில் ஒரு இரும்புப் பெட்டி. அதில் வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்னச் சின்ன விளக்குகள். பழைய கன்சோல்கள் ஒவ்வொன்றும் ஒலியை எப்படிக் கெட்டியாக்கும், எங்கே கூர்மையாக்கும் என்று அளந்து எழுதிய மென்பொருள் கணினிக்குள் ஓடும். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் குரல் ஒரு கன்சோல் வழியாகப் போன மாதிரி இருக்கும். இன்னொன்றை அழுத்தினால் வேறொன்று. கம்பெனிக்காரன் வைத்த பெயர்களை அவர் சொல்வதே இல்லை. ஒன்றுக்கு 'பெரியப்பா' என்று பெயர்: கனத்த குரல், நிதானம், யாரையும் கடிந்து பேசாது. இன்னொன்று 'மாமியார்'. "அது பேசினா ஒரு வார்த்தைகூடக் காதுல விழாமப் போகாது" என்பார்.

மிக்ஸ் பண்ணும்போது கணினித் திரையை அணைத்துவிடுவார். கண் வேலை செய்தால் காது சோம்பிவிடும் என்பது அவர் கட்சி. குமிழ்களைத் தொட்டே எல்லாம் நடக்கும்.

இருபதாம் சேனலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் எந்த ஒலியும் கிடையாது. குமிழைத் திருப்பினால் விளக்கு எரியும், அவ்வளவுதான். பின்னால் சோபாவில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம்" என்று இழுக்கிறவர்களுக்காக அவர் வைத்திருந்த சேனல் அது. விளம்பரக்காரர் "இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும்" என்பார். இவர் முகத்தைச் சுளித்து, கண்ணை மூடி, இருபதாம் சேனலின் குமிழை நூல் அளவு திருப்புவார். "ஆ! இதான், இதான்!" என்று விளம்பரக்காரர் தொடையில் தட்டுவார். தொழிலில் பலரும் செய்கிற தந்திரம்தான். செய்கிறவர்கள் தங்களுக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வதும் உண்டு.

அவருக்கு ஒரு தங்கை. ஏழு வயது இளையவள். பகலில் மருந்துக் கடையில் வேலை, கூப்பிட்டால் பாட்டு. பதினைந்து வருடமாக அவள் பாடியது பெரும்பாலும் கோரஸ், இல்லாவிட்டால் டிராக். டிராக் என்றால், பெரிய பாடகர் வந்து கேட்டுப் படிப்பதற்காக முன்கூட்டியே பாடி வைப்பது. அவர் பாடி முடித்ததும் இவள் குரலை அழித்துவிடுவார்கள். அழிக்கிற பொத்தானைப் பல முறை அழுத்தியது அண்ணன் கைதான்.

அந்த மாதம் அவளுக்கு ஒரு கதவு திறந்தது. இசையமைப்பாளர் ஒரு பாட்டுக்கு அவளை டிராக் பாட வைத்தார். பாடி முடித்ததும் இசையமைப்பாளர் சொன்னார்: "அக்கா, இது அழிக்கிற குரல் இல்ல. பெரிய பாடகியும் பாடட்டும். ரெண்டையும் அண்ணன் மிக்ஸ் பண்ணட்டும். யாரு பாடினதுன்னு சொல்லாமலே பாட்டு வெளியிடுற கம்பெனிக்கு அனுப்புவோம். அவங்களுக்கு எது பிடிக்குதோ அதுதான் வெளிய வரும்."

அரை டெசிபல் அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனார். பஸ் ஏற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

பெரிய பாடகியின் குரலை வழக்கப்படி மாமியாரில் விட்டார். அரை நாளில் முடிந்தது. தங்கையின் குரலுக்கு நான்கு நாள் எடுத்துக்கொண்டார். அதைப் பெரியப்பாவில் விட்டு, கெட்டியாக்கி, வெதுவெதுப்பாக்கி, தந்திகளை அவளைச் சுற்றிப் போர்வை மாதிரி போர்த்திவிட்டார். இவ்வளவு அழகாகத் தான் எதையும் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் அதைப் போனில் போட்டுக் காட்டினார். புதன்கிழமை தங்கை மருந்துக் கடைச் சட்டையோடு அறைக்கு வந்தாள்.

"அண்ணா, ரெண்டாவது சரணத்துல மூணாவது வரி அமுங்குது."

"எங்க அமுங்குது? அதான் நல்லாக் கேக்குதே."

"உனக்குக் கேக்கும். நாலு நாளா இதையே கேட்டுக் கேட்டு உனக்கு மனப்பாடம். அண்ணி நேத்துதான் மொத மொதல்ல கேட்டாங்க. அந்த வரியில என்ன சொல்றேன்னே புரியலைன்னாங்க."

"அவ வெங்காயம் உரிச்சிட்டே கேட்டா."

"வெங்காயம் உரிச்சாக் கண்ணுதானே கலங்கும், காதுமா கலங்கும்?"

அவர் சிரித்துவிட்டார். தன் குரல் சத்தம் போதும் என்று சொன்ன பாடகரை அவர் இதுவரை பார்த்ததில்லை. இவளும் அந்தச் சாதிதானே என்று நினைத்தார். "சரி, சரி, உனக்காக" என்று முன்னால் குனிந்து, கண்ணை மூடி, குமிழைத் திருப்பினார். விளக்கு ஒன்று கூடுதலாக எரிந்தது. இருபதாம் சேனல்.

"இப்ப?"

அவள் மறுபடி கேட்டாள். நெற்றியைச் சுருக்கினாள். "இப்பப் பரவாயில்ல மாதிரி இருக்கு..." என்றவள், அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குண்ணா. உனக்குத் தெரியாததா?" என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு பாட்டும் போயின. வெள்ளிக்கிழமை காலையில் பதில் வந்தது. கம்பெனிக்குப் பிடித்தது பெரிய பாடகி பாடியது. இன்னொன்றைப் பற்றி ஒரே வரி: குரல் இனிமை, ஆனால் வார்த்தை தெளிவில்லை. பாட்டை அன்று மாலை ஆறு மணிக்கு இறுதியாக ஒப்படைக்க வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்குத் தங்கை வந்து நின்றாள். அழுதிருக்கவில்லை. கையில் இன்னும் மருந்துக் கடைப் பேனா இருந்தது.

"வார்த்தை தெளிவில்லையாம். மூணாவது வரியாத்தான் இருக்கும். புதன்கிழமை நீ ஏத்தினியே, அது பத்தலை போல. எங்க போடு, கேப்போம்."

அவர் போட்டார். அவருக்கு எல்லா வார்த்தையும் கேட்டது. பிறப்பிலிருந்து தெரிந்த ஊர்ப் பெயர்களைப் போல ஒவ்வொன்றும் தானாக வந்து நின்றது. கேட்பது காதா, ஞாபகமா என்று அப்போதுதான் முதல் முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

"அன்னைக்கு ஏத்துறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு? இந்தக் குமிழ்தானே?" தங்கை அவர் தோளுக்கு மேலே கையை நீட்டிக் குமிழைப் பிடித்தாள்.

"தொடாத."

அவள் அதற்குள் இடது கடைசி வரைக்கும் திருப்பிவிட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. குரல் செத்திருக்க வேண்டும். ஆனால் பாட்டு அப்படியே ஓடியது. அவள் குரல் அதே இடத்தில், அதே சத்தத்தில், போர்வைக்குள் இருந்து பாடிக்கொண்டிருந்தது.

அவள் வலது கடைசி வரைக்கும் திருப்பினாள். ஒன்றுமில்லை. அவளே எட்டித் திரையைப் போட்டாள். இருபதாம் சேனல் காலியாக இருந்தது.

"எத்தனை வருஷமாண்ணா?"

"எல்லாரும் பண்றதுதான். தொழில்ல எல்லாரும்..."

"எல்லாருக்கும் பண்ணு. எனக்குமா?"

அவர் வேகமாக அவளுடைய உண்மையான சேனலுக்குப் போனார். பெரியப்பாவை எடுத்துவிட்டு மாமியாரைப் போட்டார். தந்திகளைக் கொஞ்சம் ஒதுக்கினார். குரலை ஒன்றரை டெசிபல் ஏற்றினார். பத்து நிமிட வேலை. மறுபடி போட்டபோது மூன்றாவது வரி கழுவி வைத்த பாத்திரம் மாதிரி வந்தது. பெரிய பாடகி அந்த இடத்தில் இவ்வளவு நன்றாகப் பாடவில்லை. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

"மணி ரெண்டரைதான்" என்றாள் அவள். "ஆறு மணி வரைக்கும் நேரம் இருக்கு. போன் போடு. என் மிக்ஸ்ல தப்பு, அவ குரல்ல இல்ல, இன்னொரு தடவ கேளுங்கன்னு சொல்லு. இது மட்டும் போதும். மிச்சத்தை நான் என்னைக்கும் கேக்க மாட்டேன்."

பதினெட்டு வருடத்தில் ஒரு பாட்டைக்கூட அவர் திருப்பி வாங்கியதில்லை. 'அரை டெசிபல் அனுப்பினா அதுக்கு மேல பேச்சில்ல' என்று இசையமைப்பாளரே நாலு பேர் முன்னால் சொல்லுவார். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் சோறு தின்றார், தலை நிமிர்ந்து நடந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்று அடுத்தவர்களுக்குச் சொல்வது சுலபம். சறுக்கியது நான்தான் என்று யானை வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே.

போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைக்கச் சொல்லித் தங்கை சைகை காட்டினாள்.

"சொல்லுங்கண்ணே" என்றார் இசையமைப்பாளர்.

"தம்பி... அந்தத் தங்கச்சி பாட்டு... அத இன்னொரு தடவ அனுப்பி வைக்கவா?"

"ஏண்ணே? அனுப்பினதுல தப்பு ஏதும் இருக்கா?"

தங்கை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை குமிழின் மேல் இருந்தது.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. சும்மா... வேற மாதிரி ஒண்ணு பண்ணிப் பாத்தேன்."

"அட, அப்ப விடுங்கண்ணே. உங்க மிக்ஸ்லயே நிக்கலைன்னா அக்கா உச்சரிப்புதான் பத்தலை. மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தா அவங்களும் என்ன நினைப்பாங்க? அக்காகிட்ட வருத்தப்பட வேணாம்னு சொல்லுங்க. இந்தப் பாட்டுக்கே கோரஸ் வைக்கலாம்னு இருக்காங்க. அதுக்கு வரச் சொல்லுங்க."

"சரி தம்பி."

போனை வைத்தார். தங்கை பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டாள். ஏதாவது திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்றைக்கு மாலை ஆறு மணிக்குப் பாட்டு ஒப்படைக்கப்பட்டது.

கோரஸ் வேலை வராது என்றுதான் அவர் நினைத்தார். பத்து நாள் கழித்து வந்தது. கோரஸோடு பாட்டை இன்னொரு முறை வெளியிடப் போகிறார்களாம். நான்கு பெண்கள் அவர் அறைக்கே வந்து பாடினார்கள். அவள் மூன்றாவதாக, மைக்குக்குப் பக்கவாட்டில், யாரையும் மறைக்காத இடத்தில் நின்றாள். சுருதி பிசகவில்லை. மற்ற மூன்று பேரும் போனபிறகு, அவளைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். சோபாவின் விளிம்பில் உட்கார்ந்தாள், எழுந்து போகப் போகிறவள் மாதிரி.

திரையை அணைக்காமல், அவள் பார்க்கும்படி திருப்பி வைத்தார். கோரஸை உண்மையான சேனலில் வைத்துப் பாட்டைப் போட்டார்.

"சத்தம் போதுமா?"

"சரியா இருக்கு."

அவர் வேண்டுமென்றே நாலு டெசிபல் குறைத்தார். கோரஸ் தூரத்து வீட்டு ரேடியோ மாதிரி ஆனது. "இப்ப?"

"சரியா இருக்குண்ணா."

சண்டை போடு என்று மனசுக்குள் கெஞ்சினார். அமுங்குது என்று சொல், அண்ணிக்குக் கேட்கவில்லை என்று சொல், வெங்காயம் என்று சொல். கோரஸை முழுவதுமாக இறக்கினார். நான்கு பெண்களின் குரலும் இல்லாமல் போனது. திரையிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள். "மூணு மணிக்குள்ள கடைக்குப் போகணும். அண்ணிகிட்ட மாத்திரை எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லிடு."

அவள் போனபிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. பெரிய பாடகி இரண்டாவது சரணத்துக்கு வந்தார். மூன்றாவது வரியில் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.