சரக்குக் கொட்டகையின் பின்சுவர்

எண்பத்தேழு. மேஸ்திரியின் ஊரில் எதுவாக இருந்தாலும் இந்த எண்ணால் வகுபட்டால்தான் இடம். ஐந்து மாடிக் கட்டடம் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். வாசற்கதவு கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே உயரம். மனுஷ முகம் கடுகளவு.

மேஸ்திரி என்பது பட்டப்பெயர். ஆயுளில் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தவரில்லை. ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மெக்கானிக். கட்டடங்களின் குடலுக்குள்ளேயே காலம் போனது. அவற்றின் முகத்தைத் தெருவில் நின்று பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். பொழுது போகாமல் மாதிரி ரயில் சங்கத்தில் சேர்ந்தார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரே அறை, அறை நிறைய ஒரே மேசை. மேசைமேல் தண்டவாளம் இருந்தது, ரயில் ஓடியது, ஊர்தான் இல்லை. அது இவர் தலையில் விழுந்தது.

கட்டட முகப்பைப் படமெடுப்பார். கணினியில் கோணல் நிமிர்த்தி, சுருக்கி, தடித்த தாளில் அச்சடித்து, வெட்டி மடித்து ஒட்டுவார். ஒரு தெரு எழும்பியது, பிறகு இன்னொன்று.

"கட்டினவளுக்கு ஒரு வீடு கட்டிக் குடுக்க வக்கில்ல, எலிக்கு ஊரே கட்டியாச்சு" என்பாள் மனைவி. வீட்டிலேயே துணி தைப்பவள். எதையும் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள், தன் கத்தரிக்கோலால் அவர் காகிதம் வெட்டுவதைத் தவிர.

குடியிருந்த வாடகை வீட்டையும் ஒருநாள் படமெடுக்கப் போனார். எதிர்ச்சாரியில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். அவள் மாடி ஜன்னலில் பாய் உதறிக்கொண்டிருந்தாள்.

"ஏய், தள்ளு! படத்துல விழற."

"விழுந்தா என்ன? வாடகை நானுந்தான் குடுக்கிறேன்."

"சொன்னா கேளு."

"முதல்ல ஸ்டூல்லேர்ந்து நீங்க விழாம இறங்குங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பொத்தானை அந்தச் சமயம் அமுக்கிவிட்டார். அவர் உள்ளே வந்ததும் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டாள். நிறம் பார்க்க ஒரு தாள் ஓட்டியபோது அவளும் ஜன்னலோடு வந்தாள். அது ஆகாது. சுவரில் அச்சான ஆள் சுவரொட்டி மாதிரித் தட்டையாக நிற்கும், வீடே பொய்யாகிவிடும். பக்கத்துச் செங்கல்லை நகலெடுத்து மூடி, ஜன்னல் கதவையும் சாத்தி, பழைய படத்தின் மேலேயே சேமித்தார். போனில் இடமில்லை என்று அங்கேயும் அழித்தார். தையல் தெரியாத வேலை. பெருமையோடு அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாத்தியா, ஆளே காணோம்."

"நல்லாருக்கு. அந்த வீட்ல சமையல் யாரு?"

மூன்றாம் மாதம், தைத்துக்கொண்டிருந்தவள் இயந்திரத்தின் மேலேயே சாய்ந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியூரிலிருந்து மகள் போன் செய்தாள். "அப்பா, ஜன்னல்ல அம்மா சிரிக்கிற போட்டோவ அனுப்புங்க. சட்டம் போடணும். அதுல தான் நல்லா வந்திருக்கேன்னு அம்மாவே சொன்னாங்க."

"தேடி அனுப்பறேம்மா."

தேட என்ன இருக்கிறது? மற்ற படங்களில் எல்லாம் அவள் கூட்டத்தோடு விறைத்து நின்றாள். தனியாக இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒன்றுதான். யாரோ அதட்டி உட்கார வைத்தது போன்ற முகம். மகள் மறுபடி கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள்.

அப்போதுதான் நிறம் பார்த்த தாள் நினைவுக்கு வந்தது. சங்கத்தில் வெள்ளோட்டத் தாளை யாரும் வீசுவதில்லை. காகிதச் சுவர் ஈரக்காற்றில் வளையும். அது வளையாமலிருக்க உள்பக்கம் இன்னொரு தாளை ஒட்டுவார்கள். அச்சான பக்கம் வீட்டுக்குள்ளே பார்த்தபடி இருக்கும். கூரை போட்டு மூடிவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? அவளுடைய தாளும் அப்படித்தான் ஏதோ ஒரு சுவருக்குள் போயிருந்தது. எதற்குள் என்றுதான் தெரியவில்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். பல் டாக்டர் மட்டும் இருந்தார். பல் நோண்டும் ஊசியால் தண்டவாளத்துக்கு ஜல்லி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தபாலாபீஸின் கூரையை அறுத்தார்.

"யோவ் மேஸ்திரி! கண்காட்சி தலைக்கு மேல நிக்குது. பைத்தியமா உனக்கு?"

மேஸ்திரி அறுத்துக்கொண்டே போனார். தபாலாபீஸுக்குள் வேறு யார் வீட்டு ஓடோ இருந்தது. மருந்துக்கடைக்குள் வெறும் செங்கல். கடைவரிசை முழுவதையும் பிளந்தார். டாக்டர் கத்தியைப் பிடுங்க வந்தபோது விஷயத்தைச் சொன்னார். டாக்டர் கையை விலக்கிக்கொண்டார். சரக்குக் கொட்டகையைத் தானே தூக்கிவந்து முன்னால் வைத்தார்.

அதன் பின்சுவரில் இருந்தாள். ஜன்னல், பாய், மஞ்சள் புடவை, கடுகளவு முகம். தாள் சுவரோடு இறுகி ஒட்டியிருந்தது. உரித்தால் கிழியும், நனைத்தால் மை ஓடும். சுவரையே வெட்டி எடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். முகம் இல்லை. பழுப்பில் சில புள்ளிகள், கறுப்பில் சில, நடுவே வெள்ளையாக ஒன்று.

லென்ஸை டாக்டரிடம் நீட்டினார். "அந்த வெள்ளை என்னன்னு பாருங்க. மை படாத இடமா?"

டாக்டர் தன் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பல்லுதான்யா. மேல்வரிசை. சிரிக்கிறாங்க."

"நிஜமாவா?"

"நான் பாக்காத பல்லா?"

மேஸ்திரி அந்தச் சுவரைச் சட்டைப்பையில் வைத்தார். பையின் பொத்தானை டாக்டர் மாட்டிவிட்டார்.

மகளிடம் அன்று மாலையே சொன்னார், அழித்தது முதல் அறுத்தது வரை.

"அம்மா அங்க நின்னா என்னப்பா? வீடு கெட்டா போயிருக்கும்?"

"தட்டையாத் தெரியும்னு நினைச்சேம்மா."

அவள் வைத்துவிட்டாள்.

கண்காட்சி சொன்ன தேதியில் திறந்தது. சரக்குக் கொட்டகை மூன்று சுவரோடு, திறந்த பக்கம் ஓரத்தைப் பார்த்தபடி நின்றது. மகள் வரவில்லை. அந்த வாரம் அவள் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தாள்.