கேமரா போடாத மாணவி

குற்றாலத்தில் சாரல் விழுந்தும் அருவிக்கரை ஆளில்லாமல் கிடந்த ஊரடங்குக் காலம் அது. நான் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் குற்றாலத்து வீட்டில் அடுக்களையில்தான் சிக்னல் கிடைக்கும். அரிசி டப்பாவில் செல்போனைச் சாய்த்து வைத்து, மகனின் பழைய சிலேட்டில் எழுதிக் காட்டி ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். மழை வலுத்தால், "டீச்சர், கேக்கல" என்று நாலைந்து குரல் வரும். மற்றபடி முகங்கள் கிடையாது. பெயரின் முதல் எழுத்து போட்ட வட்டங்கள்தான். வகுப்பறையில் ஒரு பிள்ளை முழிப்பதைப் பார்த்தாலே கணக்கை மறுபடி தொடங்கிவிடுவேன். இந்த வட்டங்களைப் பார்த்து என்ன தெரியும்?

அதில் ஒருத்தி மட்டும் எனக்கு ஆறுதல். அச்சன்புதூர்ப் பிள்ளை. முதல் ஆளாக வருவாள், கடைசியில்தான் போவாள். பேசமாட்டாள், கேமரா போடமாட்டாள். ஆனால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்கணக்கு முழுவதும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். உருண்டை உருண்டையான எழுத்து. இவள் ஒருத்திக்காகவாவது நடத்துகிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பள்ளி திறந்த முதல் வாரமே அவளைக் கரும்பலகைக்கு அழைத்தேன். நோட்டில் பிழையில்லாமல் போட்டு அனுப்பிய அதே கணக்குதான். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏட்டி, நீதான போட்டு அனுப்புன?"

"இல்ல டீச்சர், எங்கம்மா." அழுதுவிட்டாள். "போன்ல பாத்தா எனக்கு மண்டையில ஏறல. தூங்கிருவேன். அம்மாதான் ஒக்காந்து கேப்பா."

ஒரு வருஷமாக ஏமாந்திருக்கிறேன் என்று எனக்குக் கோபம். மறுநாள் அம்மாவை வரச் சொன்னேன். நாற்று நடப் போகிறவர், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க டீச்சர். ஊரடங்குல வயல் வேலையும் இல்ல, அவளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்னுதான் கேட்டேன். பெறவு எனக்கே ஆசையாப் போச்சு. என்னைய எட்டாப்போட நிப்பாட்டிட்டாங்க." கொஞ்சம் தயங்கினார். "இனிமே போன்ல பாடம் கிடையாதா?"

போன் பாடம் ஒழிந்தது என்று ஆசிரியர் அறையில் நாங்கள் எல்லோரும் நிம்மதியாக இருந்த வாரம் அது. அவர் அப்படிக் கேட்டதும் கோபம் போன இடம் தெரியவில்லை.

இருவருக்குமே நேரம் ஒதுக்கினேன். மகளுக்குப் பள்ளி விட்டபின் அரைமணி நேரம், விட்டுப்போன பாடங்கள். அம்மாவுக்கு, வயலிலிருந்து திரும்பி ஆறரை மணிக்கு, போனில். பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதச் சொன்னேன். முதல் நாளே கேமராவைப் போட்டார். பாதி முகம், பின்னால் கொடியில் துணி. வடிவியல் வந்தபோதுதான் தடுமாறினார்.

"நான் எங்கன தப்பு விடுதேன்னு ஒங்களுக்குத் தெரியலல்லா டீச்சர். கேட்டா மறுபடி அதையேதான சொல்லுதீங்க."

உண்மைதான். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தார். அடுக்களைத் தரையில் காகிதத்தை விரித்து, அவர் கையைப் பிடித்துக் காம்பஸைச் சுழற்றினேன். வெளியே மழை அடிக்கும். இரண்டு தம்ளர் டீ ஆறிப்போகும். என் இருபது வருஷ வேலையில் திரும்ப வேண்டுமென்று நான் ஏங்குவது அந்த ஞாயிறுகளுக்குத்தான்.

இப்போது கேட்ட கேள்விக்கு அந்த நிமிஷமே பதில் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. வரட்டும். ஆறரை மணிக்குச் சேறு கழுவிவிட்டு உட்காருகிறவருக்கு வேறு எந்தப் பள்ளியும் திறந்திருக்காது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். இனி வரப்போகும் படிப்பில் அதற்கும் இடம் இருக்கவேண்டும் என்பதே என் ஆசை.

முதல் தடவை எழுதியபோது அந்த அம்மா கணக்கில் மட்டும் தவறிவிட்டார். அதற்குள் மகள் பத்தாம் வகுப்பு பாஸாகிவிட்டாள். இரண்டாம் தடவை தேர்வு மையம் வரை அவள்தான் கூட்டிப்போனாள். முடிவு வந்த அன்று போன் செய்ததும் அவளே.

"டீச்சர், அம்மா பாஸு."

பின்னால் அவர் குரல் கேட்டது. "எத்தன மார்க்குன்னு சொல்லிராதட்டி."